முகம் பார்க்கும் பளபளப்பும் காணாமல் போகும் கிராஃபைட்டும்

எஸ்.ஜி. அயர்ன் என்பது கிராஃபைட் சிறு சிறு உருண்டைகளாக உள்ளே இருக்கும் வார்ப்பிரும்பு. நுண்ணோக்கிச் சோதனைக்காக அதன் துண்டு ஒன்றை வெல்வெட் துணியில் பத்து நிமிடம் தேய்த்தால் முகம் பார்க்கலாம், அப்படி மின்னும். அதையே நுண்ணோக்கியில் நூறு மடங்கில் வைத்துப் பார்த்தால் கிராஃபைட் உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கருங்குழிதான் தெரியும். குழிக்குப் பின்னால் வால்நட்சத்திரம் போல ஒரு வால் வேறு. இமேஜ் அனாலிசிஸ் மென்பொருள் அந்த வாலையும் உருண்டையோடு சேர்த்தே அளக்கும். வட்டமாக இருந்தது நீள்வட்டமாகிவிடும், நோடுலாரிட்டி சதவீதம், அதாவது கிராஃபைட்டில் உருண்டையாக இருப்பதன் பங்கு, இறங்கும். வாங்குபவர் 85 அல்லது 90 கேட்டிருப்பார், வார்ப்பிலும் அது இருக்கும், ரிப்போர்ட்டில் மட்டும் இருக்காது. கோவைப் பக்கத்து ஃபவுண்டரி லேப்களில், கிராஃபைட்டை உருண்டையாக்கச் சேர்க்கும் மக்னீசியத்தைக் குறை சொல்வதற்கு முன் பாலிஷ் துணியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

பாலிஷ் பொருள் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மைக்ரான் தூள்?" என்றுதான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). என் வரிசை வேறு. சாம்பிளில் எது போய்விடக் கூடாது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஏற்ற துணி அடுத்தது. தூள் கடைசி. ஒரே 3 மைக்ரான் டைமண்டைப் பட்டு நெசவுத் துணியில் போட்டால் ஒரு விதமாக வெட்டும், வெல்வெட்டில் போட்டால் வேறு விதமாக வெட்டும். ஆனால் இரண்டுக்கும் முந்தியது பேப்பர் கட்டம். அங்கே கோட்டை விட்டதை எந்தத் துணியாலும் மீட்க முடியாது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பேப்பர்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கிடைப்பது சிலிக்கான் கார்பைடு பேப்பர். பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஐரோப்பிய அளவு, இல்லாவிட்டால் பெரும்பாலும் அமெரிக்க அளவு. கரடான எண்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். நைசாகப் போகப் போக விலகிவிடும். அமெரிக்க 320 என்பது பி400-க்குச் சமம், 400 என்பது பி800-க்குச் சமம், 600 என்பது பி1200-க்குச் சமம். பழைய செய்முறைத் தாளில் "600 வரை" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு பி600 வாங்கி வந்தால், 15 மைக்ரான் இருக்க வேண்டிய துகள் 26 மைக்ரானில் இருக்கும். அதன் மேல் 3 மைக்ரான் டைமண்டை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கீறல் முழுதாகப் போகாது. "டைமண்ட் பேஸ்ட் சரியில்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் இந்த எண் குழப்பம்தான்.

எஸ்.ஜி. அயர்னுக்கு நான் சொல்லும் வரிசை பி240, பி400, பி800, பி1200. நிறைய தண்ணீர், நிமிடத்துக்கு 250 முதல் 300 சுற்று வேகம், 30 மிமீ மவுண்டுக்கு (சாம்பிளைப் பிசினில் பதித்த வில்லை) ஏறக்குறைய 25 நியூட்டன் அழுத்தம். அதாவது இரண்டரை கிலோ எடை. கையால் செய்பவர்கள் சமையலறைத் தராசில் மவுண்டை வைத்து முள் இரண்டரைக்கு வரும்வரை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள், கைக்குக் கணக்குப் பிடிபட்டுவிடும். பெரும்பாலோர் தேவைக்கு மேல்தான் அழுத்துகிறார்கள்.

ஒரு பேப்பரின் ஆயுள் ஒரு நிமிடம், போனால் ஒன்றரை. சிலிக்கான் கார்பைடு துகள் கடினமானதுதான், ஆனால் எளிதில் நொறுங்கும். முதல் அரை நிமிடத்தில் கூர்முனையால் சீவும். பிறகு முனை மழுங்கி, சீவுவதை விட்டுவிட்டு உழ ஆரம்பிக்கும். கீறல் நைசாகிவிட்டது போலக் கண்ணுக்குத் தோன்றும். உள்ளே ஃபெரைட், அதாவது இரும்பின் மென்மையான பகுதி, நசுங்கிக்கொண்டிருக்கும். கிழியும் வரை ஒரே பேப்பரை ஓட்டுவதைச் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். அதில் மிச்சமாகும் காசு அடுத்த கட்டத்தில் டைமண்டாகச் செலவாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் கீறலின் ஆழம் கொஞ்சம்தான். அதன் அடியில் உலோகம் நசுங்கிச் சிதைந்த படலம் அதைப்போலப் பல மடங்கு ஆழத்துக்குப் போகும், மென்மையான உலோகத்தில் இன்னும் கூடுதலாக. அதனால், முந்தைய கட்டத்தின் கீறல் மறைந்ததும் நிறுத்திவிடாமல், அதற்கு எடுத்த நேரத்தில் இன்னொரு பங்கு ஓட்ட வேண்டும். கையால் செய்தால் ஒவ்வொரு பேப்பருக்கும் சாம்பிளை 90 டிகிரி திருப்பிப் பிடியுங்கள். பழைய கீறல் குறுக்கே தெரிவதால் போனதா இல்லையா என்று உடனே தெரியும்.

கல்லூரி ஆய்வகங்களில் 1/0, 2/0, 3/0, 4/0 எமரி தாள்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணாடிப் பலகை மேல் வைத்து உலர்வாகத் தேய்ப்பது வழக்கம். எமரி துகள் மழுங்கலானது, தண்ணீரும் இல்லாததால் சூடேறும், தேய்த்த பொடி அங்கேயே கிடந்து திரும்பக் கீறும். பாடம் நடத்த அது போதும். கிராஃபைட்டை அளக்க வேண்டிய சாம்பிளுக்கு வேண்டாம், ஃபெரைட் சின்ன உருண்டைகளின் மேல் இழுபட்டு மூடிவிடும், நோடுல் எண்ணிக்கை குறைந்து காட்டும்.

துணி

துணியில் கவனிக்க வேண்டியவை இரண்டு, மயிர் நீளமும் மெத்தைத்தனமும். மயிரே இல்லாத நெசவுத் துணியில் டைமண்ட் துகள் இழைகளின் சந்தில் சிக்கி நிற்கும். நிலையாக நின்று வெட்டுவதால் சாம்பிள் சமமாகத் தேயும், விளிம்பு உருளாது, கிராஃபைட்டின் கரை கூர்மையாக இருக்கும். பதிலுக்கு நுண்ணிய கீறல்கள் கொஞ்சம் மிஞ்சும். நீள மயிர்த் துணியில் நிலைமை தலைகீழ். துகள் மயிரோடு சேர்ந்து வளைந்து கொடுப்பதால் கீறல் தெரியாது. ஆனால் அந்த மயிர் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் புகுந்து நோண்டும். கிராஃபைட் நகத்தால் சுரண்டினாலே வருகிற பொருள், அதற்குத் தாங்குமா? நோண்டியதைச் சுழற்சித் திசையில் இழுத்துக்கொண்டே போகும். வால் முளைப்பது அங்கேதான்.

ஆகவே கிராஃபைட் உள்ள இரும்புக்கு, வெட்டும் வேலையில் பெரும்பகுதியை மயிரற்ற துணியில் முடித்துவிட வேண்டும். குட்டை மயிர்த் துணி 1 மைக்ரானுக்கு மட்டும், நீள மயிர்த் துணி கடைசி அரை நிமிடத்துக்கு மட்டும்.

6 மைக்ரான் டைமண்டை நைலான் நெசவுத் துணியில் 3 நிமிடம் ஓட்டுங்கள். அடுத்து 3 மைக்ரானைப் பட்டு அல்லது சாட்டின் நெசவில் 3 முதல் 4 நிமிடம். இரண்டிலும் 150 சுற்று வேகமும் அதே 25 நியூட்டனும் போதும். பிறகு 1 மைக்ரானைக் குட்டை மயிர்த் துணியில் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம், அழுத்தத்தை 15 முதல் 20 நியூட்டனுக்குக் குறைத்து. சிலர் 6 மைக்ரானுக்குப் பதில் பி2500 பேப்பரில் தேய்த்துவிட்டு நேராக 3-க்குப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வளவு நைசான பேப்பர் இரும்பில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடைத்த பேப்பர் தேய்க்காமல் மெழுகத்தான் செய்யும்.

கையால் பிடிப்பவர்கள் சாம்பிளைச் சக்கரத்தின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நிலையில் பிடித்தால் நல்ல துணியிலும் வால் வரும்.

ஜவுளிக்கடை வெல்வெட்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம். ஆனால் புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் போகும், மயிர் உதிரும். சோப்புப் போட்டு இரண்டு மூன்று தடவை வெந்நீரில் அலசி, சாயம் வருவது நின்ற பிறகு போடுங்கள். சக்கரத்தில் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு மடிப்பு இருந்தாலும் சாம்பிள் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடித்துக்கொண்டு ஓடும்.

டைமண்ட்: எவ்வளவு, எப்படி

பேஸ்ட் என்றால் 200 மிமீ துணிக்கு மிளகு அளவில் நாலைந்து புள்ளி, விரலால் பரப்பி, அதன் மேல் லூப்ரிகன்ட். புதுத் துணி முதல் தடவை கொஞ்சம் அதிகம் குடிக்கும். சஸ்பென்ஷன் என்றால் பாட்டிலைக் குலுக்கிவிட்டு அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி ஸ்ப்ரே. குலுக்காமல் அடித்தால் வருவது வெறும் தண்ணீர், டைமண்ட் அடியில் உட்கார்ந்திருக்கும்.

லூப்ரிகன்ட் அதிகமானால் சாம்பிள் அதன் மேல் மிதந்து வழுக்கும், வெட்டாது. குறைந்தால் துணி சாம்பிளைப் பிடித்து இழுக்கும், சூடாகும், உலோகம் மெழுகுப்படும். சரியான அளவை அறிய ஒரு வழி உண்டு. சாம்பிளைத் தூக்கிப் பிடித்தால் மேலிருக்கும் ஈரப்படலம் ஐந்தாறு நொடியில் தானாகக் காய வேண்டும். உடனே காய்ந்தால் துணி வறண்டிருக்கிறது, சொட்டினால் ஊறிப்போயிருக்கிறது.

ஒற்றைப் படிக டைமண்ட், பலபடிக டைமண்ட் என்று இரண்டு விற்கிறார்கள். பலபடிகத்தில் ஒவ்வொரு துகளிலும் வெட்டுமுனைகள் அதிகம், வேகமாக வெட்டும், விலையும் அதிகம். எஸ்.ஜி. அயர்னுக்கும் சாதாரண எஃகுக்கும் ஒற்றைப் படிகமே போதும். அந்தக் காசில் இன்னொரு துணி வாங்கி, மைக்ரானுக்கு ஒரு துணி என்று பிரித்து வைத்துக்கொண்டால் பலன் கூடுதல்.

கடைசி அரை நிமிடம்

அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடு தூள்) 0.3 மைக்ரான், 0.05 மைக்ரான் இரண்டும் பரவலாகக் கிடைக்கும். 0.3 ஆல்ஃபா வகை, கடினம். 0.05 காமா வகை, கொஞ்சம் மென்மை. எஸ்.ஜி. அயர்னுக்கு 0.05 காமாவை மயிர்த் துணியில் 20 முதல் 30 நொடி ஓட்டினால் போதும். ஒரு நிமிடம் தாண்டினால் கெடுதல் ஆரம்பம்.

விலை குறைந்த அலுமினாத் தூளில் பிரச்சினை அதன் கட்டிகள். பாட்டிலில் 0.05 என்று போட்டிருக்கும். உள்ளே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பல மடங்கு பெரிய உருண்டைகளாக இருக்கும். சக்கரத்தில் தூளை நேராகத் தூவாதீர்கள். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் சுமார் 10 கிராம் போட்டு, ஒரு சொட்டு பாத்திர சோப்பு சேர்த்துக் குலுக்கி, சில நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். கட்டி நீக்கிய அலுமினா சஸ்பென்ஷனாகவே வாங்க முடிந்தால் இந்த வேலை இல்லை.

கூழ்ம சிலிக்கா, அதாவது 0.04 முதல் 0.06 மைக்ரான் வரையுள்ள காரத்தன்மை கொண்ட பால் போன்ற திரவம், வேறு மாதிரி வேலை செய்யும். தேய்ப்பதோடு இரசாயனமாகவும் கரைக்கும். அதனால் சிதைந்த படலத்தை அது எடுப்பது போல அலுமினா எடுக்காது. அலுமினியம், டைட்டானியம், ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஆகியவற்றுக்கு அதுதான் என் முதல் தேர்வு. எஸ்.ஜி. அயர்னின் கிராஃபைட்டை மதிப்பிட மட்டும் என்றால் அது தேவையில்லை. பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: துணியில் காய்ந்தால் சிலிக்கா கண்ணாடித் துணுக்குகளாகப் படிகமாகிவிடும். அடுத்த சாம்பிளில் அவை போடும் கீறல் பி800 போட்டது போல இருக்கும். ஓட்டம் முடியும் கடைசி 10 முதல் 20 நொடிக்குச் சிலிக்காவை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடுங்கள், துணியும் கழுவப்படும், சாம்பிளும் கழுவப்படும். காய்ந்துபோன துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பஃபிங் கடையில் கிடைக்கும் பச்சைக் கட்டி பற்றி ஒரு வார்த்தை. அது மெழுகில் குழைத்த குரோமியம் ஆக்சைடு. ஸ்டீல் பாத்திரத்துக்கும் பைக் சைலன்சருக்கும் அருமையான சரக்கு. ஆனால் அதன் வேலை மேற்பரப்பை மெழுகி மூடுவது. நமக்கு வேண்டியது திறந்து காட்டுவது. மெழுகு கிராஃபைட் பள்ளங்களில் போய் உட்கார்ந்தால் எட்சிங் அமிலம் (உள்ளமைப்பு தெரிய மேற்பரப்பை லேசாக அரிக்கும் அமிலம்) அங்கங்கே பிடிக்காது, திட்டுத்திட்டாக வரும். பித்தளை பாலிஷ் திரவங்களும் அப்படியே. சிலவற்றில் அமோனியா இருக்கும், செம்பு கலந்த உலோகத்தை அது தானாகவே அரித்துவிடும்.

தண்ணீர்

கிராஃபைட்டைச் சுற்றிலும் பழுப்பு வளையம் தெரிந்தால் அது துரு. வார்ப்பிரும்பு ஓரிரு நிமிட ஈரத்திலேயே துருப்பிடிக்கும். பள்ளத்தில் தங்கிய நீர், மேலே காய்ந்த பிறகும் மெதுவாகக் கசிந்து கறை போடும். மவுண்டுக்கும் சாம்பிளுக்கும் இடையில் சந்து இருந்தால் அங்கிருந்தும் கசியும். அக்ரிலிக் மவுண்ட் சுருங்குவதால் இந்தத் தொல்லை அதிகம், எப்பாக்சியில் குறைவு. போர்வெல் தண்ணீரில் உப்பு வேறு வெள்ளைத் திட்டாகப் படியும். தண்ணீரில் அலசியதும் சோப்பு நனைத்த பஞ்சால் லேசாகத் துடைத்து, மறுபடி அலசி, உடனே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சாய்வாக ஊற்றி, ஹேர் டிரையரின் காற்றைப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் துளி அங்கேயே காய்ந்து வளையமாகும்.

அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் 10 நொடிக்கு மேல் வேண்டாம். அதில் வெடிக்கும் நுண்குமிழிகளே தளர்ந்த கிராஃபைட்டைப் பிடுங்கிவிடும்.

மற்ற உலோகங்களுக்கு எது மாறும்

பிரஷர் டை காஸ்டிங்கில் வரும் எல்.எம்.6 போன்ற அலுமினியத்தில் சிலிக்கான் 10 முதல் 13 சதவீதம். மெத்தென்ற அலுமினியத்தில் கல் போன்ற சிலிக்கான். மயிர்த் துணியில் சிலிக்கான் மேடாக நிற்கும், அலுமினியம் பள்ளமாகும். பி120-ல் ஆரம்பிக்காதீர்கள். உடைந்த துகள் அலுமினியத்தில் குத்தி நின்றுவிடும், நுண்ணோக்கியில் அதையும் சிலிக்கான் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. பி400-ல் தொடங்கி, பேப்பரின் மேல் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துக்கொண்டால் துகள் குத்துவது வெகுவாகக் குறையும். 3 மைக்ரான் டைமண்ட் பட்டுத் துணியில், பிறகு கூழ்ம சிலிக்கா ஒன்றிரண்டு நிமிடம். 1 மைக்ரானைத் தவிர்த்தாலும் நஷ்டமில்லை.

அதிகக் குரோமியம் கொண்ட வெள்ளை வார்ப்பிரும்பில் கார்பைடு சுமார் 1500 விக்கர்ஸ் கடினம். அலுமினா சுமார் 2000, சிலிக்கான் கார்பைடு சுமார் 2500, டைமண்ட் சுமார் 8000. அலுமினா அந்தக் கார்பைடைவிடக் கொஞ்சம்தான் கடினம், ஆகவே அதைத் தடவிக் கொடுக்குமே தவிர சரியாக வெட்டாது, சுற்றியுள்ள இரும்பை மட்டும் தின்றுவிடும். 1 மைக்ரான் வரை டைமண்டிலேயே முடித்துவிடுங்கள்.

நைட்ரைடு செய்த (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய) எஃகில் விளிம்புதான் சாம்பிளே. மேல் வெள்ளைப் படலம் சில மைக்ரான் மட்டும். சாதாரண பேக்லைட் மவுண்ட் எஃகைவிட வேகமாகத் தேய்ந்து விளிம்பை அம்போ என்று விட்டுவிடும், படலம் உருண்டு போகும். கனிமம் கலந்த எப்பாக்சி மவுண்ட் போடுங்கள், முடிந்தால் முன்கூட்டியே நிக்கல் பூச்சு. துணியில் மயிர் அறவே கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள தகட்டுக்கு 3 மைக்ரானிலிருந்து தண்ணீரே காட்டாதீர்கள், ஆல்கஹால் அடிப்படையிலான லூப்ரிகன்ட் மட்டும்.

சரியாக வந்ததா?

எட்ச் செய்வதற்கு முன்பே பாருங்கள். நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) போட்ட பிறகு ஃபெரைட்டின் கோடுகளும், ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக உள்ள பியர்லைட்டின் கருமையும் சேர்ந்து குறையை மறைத்துவிடும். சாதாரண ஒளியில் உண்மையான கிராஃபைட் சாம்பல் நிறமாக, உள்ளே லேசான அமைப்போடு தெரியும். குழி என்றால் மை கொட்டியது போல முழுக் கறுப்பு. சந்தேகம் இருந்தால் நுண்ணோக்கியின் போலரைசரை (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டி) குறுக்காக வைத்துப் பாருங்கள். முழுமையாக இருக்கும் கிராஃபைட் உருண்டை சிலுவை போன்ற ஒளியமைப்பைக் காட்டும், மேடையைச் சுற்றினால் மின்னி மாறும். குழி எதுவும் காட்டாது.

கரை மங்கலாக, உருண்டை சிறுத்துத் தெரிந்தால் ஃபெரைட் மேலே இழுபட்டிருக்கிறது. 2 சதவீத நைட்டாலில் சில நொடி எட்ச் செய்து, 1 மைக்ரானில் அந்தப் படலத்தை எடுத்து, மறுபடி எட்ச் செய்யுங்கள், இரண்டு மூன்று சுற்றில் கிராஃபைட் வெளியே வரும். பாலிஷில் தெரியாத கீறல் எட்ச் செய்ததும் முளைத்தால், குற்றவாளி கடைசித் துணி இல்லை. பி800-லோ பி1200-லோ நேரம் போதவில்லை, அங்கே திரும்பிப் போக வேண்டும். நீளமான ஒற்றைக் கீறல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் துணியில் கரடான துகள் விழுந்திருக்கிறது. துணியின் பின்பக்கம் மைக்ரானையும் தேதியையும் எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனி மூடிய டப்பாவில் வையுங்கள். பேப்பர் தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் 1 மைக்ரான் துணியைத் தொடக் கூடாது, நகக்கண்ணில் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு பி240 துகள் போதும்.